பழைய வேலியும் அதன் நிழலும்: படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெயிலிலும் மழையிலும் கிடந்து நரைத்துப்போன பலகை வேலி, துருவேறிய கம்பி வலை, பெயின்ட் உரிந்த இரும்புக் கிராதி. தினமும் கடந்து போகும் இவற்றில் கோடுகளையும் நிழல்களையும் தேடிப் படம் எடுப்பவர்களுக்கான பக்கம் இது. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் சொல்வது கேமரா, செல்போன் இரண்டுக்கும் பொருந்தும்.

காலையிலும் மாலையிலும்தான் எடுக்க வேண்டுமா?

கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பலகையைப் பாருங்கள். வெயில் அதன் மீது எந்தச் சாய்வில் விழுகிறது என்பதுதான் முக்கியம். மேடுபள்ளம் எடுப்பாகத் தெரிய, ஒளி பலகையின் முகத்தை உரசிக்கொண்டு, 10 முதல் 20 டிகிரிச் சாய்வில் போக வேண்டும். நேராக முகத்தில் அடித்தால் அரை மில்லிமீட்டர் பள்ளத்துக்கு நிழலே விழாது. எத்தனை அழகான மரமாக இருந்தாலும் படத்தில் தட்டையாகத்தான் வரும்.

ஒரு தீக்குச்சி இருந்தால் சோதித்துவிடலாம். 1 செ.மீ. வெளியே நீட்டும்படி பிடித்து, பலகைக்குச் செங்குத்தாக வையுங்கள். குச்சியின் நிழல் 3 முதல் 6 செ.மீ. வரை நீண்டால் ஒளி சரியாக இருக்கிறது. 1 செ.மீ.க்குக் குறைந்தால் வெயில் 45 டிகிரிக்கு மேல் அடிக்கிறது, பிறகு வருவதே நல்லது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒளி உரசினால் மட்டும் போதாது, மர ரேகையைக் குறுக்கே வெட்ட வேண்டும். ரேகை மேலிருந்து கீழாக ஓடும்போது ஒளியும் மேலிருந்து கீழாக வழிந்தால், எவ்வளவு உரசினாலும் பள்ளங்கள் நிரம்பித்தான் தெரியும். நிற்கும் பலகைக்குப் பக்கவாட்டில் வரும் தாழ்ந்த வெயிலும், படுத்திருக்கும் பலகைக்கு மேலிருந்து இறங்கும் வெயிலும் வேண்டும்.

அப்படியானால் நடுப்பகலில் எடுக்கவே கூடாது என்பது தவறா?

தெற்கு வடக்காக ஓடும் வேலிக்கு அது தவறு. உச்சிப் பொழுதில் சூரியன் சரியாக அந்த வேலியின் தளத்தில் நிற்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும், உலகில் எந்த ஊராக இருந்தாலும், வெயில் வேலியின் முகத்தோடு ஏறக்குறைய 15 டிகிரிக்குள்தான் இருக்கும். உச்சிக்கு முன் கிழக்கு முகமும் பின் மேற்கு முகமும் உரசல் ஒளி பெறும். கிடைப் பலகைகள், ஆணித் தலைகள், உரிந்து சுருண்ட பெயின்ட் எல்லாம் அப்போது நீளமாகக் கீழ்நோக்கி நிழல் விடும். உச்சி என்பது கடிகாரத்தின் 12 மணியாக இருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம் அது.

கிழக்கு மேற்காக ஓடும் வேலிக்கு இப்படி ஒரே விதி கிடையாது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது. அந்த வாரங்களில் காலை, மாலை இரண்டும் பொருந்தும், நிற்கும் பலகைகளுக்கு அதைவிட நல்ல ஒளி இல்லை. மற்ற மாதங்களில் தீக்குச்சிதான் வழி.

பழைய பலகையில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

முதலில் அது எப்படிப் பழசானது என்று தெரிந்தால் கண் தானாகத் தேடும். மர நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புறஊதாக் கதிர் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய நார். அதுதான் அந்த வெள்ளிச் சாம்பல் நிறம். ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வேகமாக வளர்ந்த மென்மையான பகுதி சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும். மெதுவாக வளர்ந்த அடர்ந்த பகுதி தேயாமல் மேடாக நிற்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இந்தத் தேய்மானம் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ.

ஓர் ஆணியைச் சுற்றி உள்ளங்கை அளவு இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஆணித் தலை துருவில் தடித்து, பலகையிலிருந்து கொஞ்சம் வெளியே துருத்தியிருக்கும். அதற்குக் கீழே ஒரு கறுப்புத் தாரை இறங்கும். இரும்பும் மரத்தின் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறை அது. பெரும்பாலும் ஆணித் துளையில் தொடங்கி ரேகையோடு ஒரு மயிரிழை விரிசல் ஓடும். உரசல் வெயிலில் ஆணித் தலையின் நிழலும் கறையும் இரண்டு கடிகார முட்கள் போல வெவ்வேறு பக்கம் நீளும். கறை நின்ற இடத்தில் நிற்கும், நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டும் பிரிந்து நிற்கும் வரை காத்திருந்து எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிட்டால் படத்தில் வெறும் கறுப்புத் திட்டுதான் வரும்.

கணுக்களையும் விடாதீர்கள். கணுவைச் சுற்றி ரேகை நீர்ச்சுழி போல வளைவதால், ஒரே வெயில் ஒரு பக்கம் ரேகையை வெட்டும், மறுபக்கம் அதனோடு ஓடும். ஒரே கணுவில் பாதி எடுப்பாகவும் பாதி வழவழப்பாகவும் தெரிவது அதனால்தான்.

கம்பி, இரும்பு வேலிகளில்?

துத்தநாகம் பூசிய கம்பி வலையில் செந்துரு, பூச்சு தீர்ந்த இடத்தில்தான் வரும். கம்பியின் வெட்டு முனைகளையும், இரண்டு கம்பிகள் பின்னி உரசும் மடிப்புகளையும் முதலில் பாருங்கள். சாம்பல் வலையில் முடிச்சுக்கு முடிச்சு செம்புள்ளி என்ற ஒழுங்கு கிடைக்கும். பெயின்ட் அடித்த கிராதியில், துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்வதால் பெயின்ட் கொப்புளித்து வெடிக்கும். அந்த விளிம்புச் சுருளின் நிழல்தான் படம். விளிம்பு சுருளாத துருத் திட்டு வெறும் நிறம் மட்டுமே.

வேலியின் நிழல் ஓரிடத்தில் கூர்மையாகவும் இன்னோரிடத்தில் மங்கலாகவும் விழுகிறதே, ஏன்?

சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம், பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய 107இல் ஒரு பங்கு மங்கும். 10 செ.மீ. தள்ளி விழும் நிழலில் ஓர மங்கல் 1 மி.மீ., 1 மீட்டரில் 9 மி.மீ., 3 மீட்டரில் கிட்டத்தட்ட 3 செ.மீ. இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

3 மி.மீ. கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 32 செ.மீ.க்கு அப்பால் அதன் நிழலில் முழு இருட்டே இருக்காது, சாம்பல் கோடு மட்டும் மிஞ்சும். ஆகவே வலையின் நிழலை எடுக்க, அது தரையில் விழும் இடத்தைவிட வலைக்கு ஒட்டியிருக்கும் தூண், சுவர், சாய்த்து வைத்த பலகை ஆகியவற்றில் தேடுங்கள். பலகை வேலியின் நிழல் அடியில் கத்தி போலவும் நுனியில் பஞ்சு போலவும் இருப்பதற்கும் இதுவே காரணம். 1.5 மீட்டர் வேலியின் உச்சியிலிருந்து, 20 டிகிரி வெயிலில், ஒளி தரையைத் தொட 4.4 மீட்டர் வர வேண்டும். மங்கல் 4 செ.மீ. ஆகிவிடும். இதை லென்ஸால் சரிசெய்ய முடியாது, ஃபோகஸ் தவறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். கூர்மையான நிழல்தான் வேண்டும் என்றால் அடிப்பகுதியை மட்டும் நிரப்பி எடுங்கள். நுனியை நோக்கிக் கரைவதையே படமாக்குவதும் நல்ல வழிதான்.

பலகையில் கணு விழுந்த சிறு ஓட்டை வழியாக வரும் வெயில், கொஞ்சம் தள்ளித் தரையில் வட்டப் பொட்டாக விழும். ஓட்டை கோணலாக இருந்தாலும் பொட்டு வட்டமாகவே இருக்கும், வெயில் தரையில் சாய்வாக விழுந்தால் நீள்வட்டமாகும். அது சூரியனின் பிம்பம். பகுதி சூரிய கிரகணத்தன்று அந்த வேலியின் பின்னால் நின்றால் பிறை பிறையாக விழுவதை எடுக்கலாம்.

தரையில் விழும் நிழலை எடுக்க எங்கே நிற்பது?

சூரியனைப் பார்த்தபடி, வேலிக்கு இப்பால் நின்றால் நிழல் உங்களை நோக்கி விசிறி போல விரியும். ஆழம் காட்ட இதுதான் சிறந்த இடம். லென்ஸில் வெயில் படாமல் கையை மறைப்பாக வையுங்கள், அல்லது ஒரு பலகையின் பின்னால் சூரியன் ஒளியும்படி அரை அடி நகருங்கள். சூரியனுக்கு முதுகு காட்டினால் உங்கள் தலையின் நிழலே நடுவில் வந்து உட்காரும். கோடுகள் இணையாக, ஒழுங்காக வேண்டுமானால் பக்கவாட்டில் நின்று, கேமராவைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து எடுங்கள்.

நிழல் விழும் தரையும் பாதி வேலை செய்கிறது. சமதளத்தில் நேர்கோடு, படிக்கட்டில் ஒடிந்த கோடு, மண்மேட்டில் வளைகோடு. பழைய வேலியின் நிழல் வளைந்த தரையில் விழுந்தால் எது வளைந்தது, வேலியா தரையா என்று பார்ப்பவர் ஒரு கணம் தயங்குவார். புல்தரை மட்டும் வேண்டாம், புல்லின் சொந்த நிழல்களே கோடுகளைக் குழப்பிவிடும்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

சூரியன் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி வானத்தில் நகர்கிறது. உயரம் 20 டிகிரியிலிருந்து 19க்கு இறங்கும்போது 2 மீட்டர் வேலியின் நிழல் சுமார் 30 செ.மீ. நீளும். இடத்தை முன்பே தேர்ந்து, சட்டகம் அமைத்து, நிழல் வந்து சேரக் காத்திருப்பதே நல்லது. நிழலைத் துரத்திக்கொண்டு ஓடினால் படம் கிடைக்காது.

எக்ஸ்போஷர் எப்படி வைப்பது?

கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். வெள்ளை வேலி சட்டகத்தை நிரப்பினால் +1 முதல் +1.7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி) வரை கூட்ட வேண்டியிருக்கும், கறுப்புக் கிராதிக்கு 1 ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கும். பிறகு படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளைப் பெயின்டின் விரிசல்கள் போய்விட்டன, அவற்றை எந்த எடிட்டிங்கும் திருப்பித் தராது.

தெளிந்த வானத்தில் வெயிலுக்கும் நிழலுக்கும் 2 முதல் 3 ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். நிழல்தான் படம் என்னும்போது வெயில் பட்ட பகுதிக்கு அளவெடுத்து, நிழலை இருட்ட விடுங்கள். முழு வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), 1/400 நொடி என்று தொடங்கினால் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடும்.

செல்போனில் நிழல் வெளிறிப்போய் வருகிறது. என்ன செய்யலாம்?

செல்போன் பல எக்ஸ்போஷர்களைக் கலந்து நிழலைத் தூக்கிக் காட்டுகிறது. முகங்களுக்கு நல்லது, வேலிக்குக் கெடுதல். வெயில் பட்ட பலகையைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள், பிறகு விரலைக் கீழே இழுத்து 0.7 முதல் 1 ஸ்டாப் இருட்டாக்குங்கள். இப்படிக் கலக்கும் எச்டிஆரை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள், பதப்படுத்தாத படத்தைச் சேமிக்கும் ரா ஃபைல் வசதி இருந்தால் அதில் எடுங்கள். செல்போனின் முதன்மை லென்ஸ் பரந்த கோணம் கொண்டது, கிட்டப் போனால் ஓரப் பலகைகள் சாய்ந்து விரியும். இரண்டடி பின்வாங்கி 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸை எடுத்தால் கோடுகள் நேராக நிற்கும்.

ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது.

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஒரே மாதிரிக் கோடுகள் திரும்பத் திரும்ப வரும்போது எந்தக் கோட்டைப் பிடிப்பது என்று கேமரா குழம்பும். இரண்டு, பல மிரர்லெஸ் கேமராக்களின் ஃபோகஸ் புள்ளிகள் செங்குத்துக் கோடுகளை மட்டுமே நன்றாக உணரும். கிடைப் பலகைகள் அவற்றின் கண்ணுக்கே படாது. கேமராவை 90 டிகிரி திருப்பிப் பிடித்து ஃபோகஸ் செய்து, பூட்டி, பழைய நிலைக்கு வாருங்கள். ஆணித் தலை, கணு போன்ற தனித்த ஒன்றில் புள்ளியை வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். வலையில், கம்பியை விட்டுப் பின்னணியைப் பிடித்துவிடும் தொல்லைக்கு மேனுவல் ஃபோகஸ்தான் மருந்து.

எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர்?

50 முதல் 100 மி.மீ. வரையான லென்ஸ் போதும். முக்கியமானது சென்சாரும் வேலியும் இணையாக இருப்பது. இணையாக இருந்தால் எஃப்/5.6 கூட ஓரத்திலிருந்து ஓரம் வரை கூர்மை தரும், இல்லாவிட்டால் எஃப்/11 கூடப் போதாது. ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப்/8, 1 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 18 செ.மீ. வேலியும் அதை ஒட்டிய நிழலும் அதற்குள் அடங்கும். எஃப்/16க்கு மேல் மூடினால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) மர ரேகையே மழுங்கத் தொடங்கும்.

மட்டத்தையும் விடாதீர்கள். 6000 பிக்சல் அகலப் படத்தில் 1 டிகிரிச் சாய்வு என்றால் ஓரத்துக்கு ஓரம் 105 பிக்சல் ஏற்றத்தாழ்வு. வேலிப் படத்தில் அது உடனே கண்ணில் குத்தும்.

கம்பி வலையில் வானவில் போல அலை அலையாக வருவது என்ன?

மொய்ரே. வலையின் இடைவெளியும் சென்சார் பிக்சல்களின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகும்போது இரண்டும் மோதி, இல்லாத அலைகளை உண்டாக்குகின்றன. முதலில் படத்தை 100 சதவீதத்தில் பாருங்கள். அங்கே அலை இல்லை என்றால், திரை படத்தைச் சுருக்கிக் காட்டியதால் வந்த மாயம் அது, படத்தில் குறையில்லை. அங்கேயும் இருந்தால் ஓரடி முன்னே அல்லது பின்னே போங்கள், கேமராவைச் சில டிகிரி திருப்புங்கள், எஃப்/11க்கு மூடிப் பாருங்கள். எடுத்த பிறகு நீக்குவது கடினம். இணையத்துக்குச் சிறிதாக்கும்போது மீண்டும் வரலாம், அப்போது சுருக்குவதற்கு முன் அரை பிக்சல் அளவு மங்கலாக்கினால் அடங்கும்.

ஒழுங்கான கோடுகள் சலிப்பாகத் தெரிகின்றன.

ஒழுங்கு இருக்கட்டும், அதில் ஓர் உடைப்பு வேண்டும். விழுந்துபோன ஒரு பலகை, சாய்ந்த ஒன்று, மற்றவை நரைத்திருக்க புதிதாக அடித்த ஒன்று. உடைப்பு ஒன்றே ஒன்றாக இருந்தால் கண் அங்கே போய் நிற்கும். மூன்று நான்கு இருந்தால் வெறும் சிதைந்த வேலிதான். சட்டகத்தின் ஓரம் பலகையின் நடுவில் வெட்டாமல் இடைவெளியில் முடியட்டும். பின்னணி இருட்டாக இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் 1916இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் கென்ட்டில் எடுத்த வெள்ளை வேலிப் படத்தை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். சட்டகத்தின் குறுக்கே வேலி மட்டும் வெளேரென்று நிற்கும், பின்னால் இருக்கும் கட்டடங்கள் இருட்டில் பின்வாங்கியிருக்கும். ஒவ்வொரு பலகையின் சிறு கோணலும் தனித்தனி ஆள் போலத் தெரியும். அதே ஆண்டு அவர் ஒரு திண்ணையில் விழுந்த கம்பிகளின் நிழலையும், எது மேசை எது தரை என்று தெரியாதபடி சாய்த்து எடுத்தார்.

மேகமூட்டத்தில் எடுக்கலாமா?

நிழல் கிடைக்காது, நிறம் கிடைக்கும். துரு, பாசி, உரிந்த பெயின்டின் அடுக்குகள் அன்றைக்குத்தான் நன்றாக வரும். மழை விட்டவுடன் மரம் கறுத்து நிறம் கூடியிருக்கும், பளபளப்பு வானத்தை எதிரொளிக்கும். லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி அதை வெட்டும், 1.5 முதல் 2 ஸ்டாப் ஒளியும் குறையும். வெற்று உலோகத்தின் பளபளப்பைப் போலரைசர் வெட்டாது.

இரவில்?

தெருவிளக்கு அருகில் இருப்பதால் வேலியின் நிழல்கள் இணையாக விழாமல் விளக்கைச் சுற்றிக் கதிராக விரியும். இரண்டு விளக்கு இருந்தால் இரண்டு நிழல் குறுக்கே வெட்டி வலைப் பின்னல் கிடைக்கும். முழு நிலவுக்கு ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 30 நொடி, முக்காலி. நிலவின் அகலமும் அரை டிகிரிதான், ஆகவே மேலே சொன்ன மங்கல் கணக்கு அப்படியே பொருந்தும்.

கறுப்பு வெள்ளையா, நிறமா? எடிட்டிங்கில் எவ்வளவு?

நரைத்த மரத்தில் நிறம் குறைவு, கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் இழப்பில்லை. தெளிந்த வானத்தின் ஒளியால் நிழலில் ஏறும் நீலமும் தொல்லை தராது. துருவை மாற்றும்போது ஆரஞ்சு ஸ்லைடரைத் தூக்கினால் துரு வெளிறும், இறக்கினால் கறுக்கும். இறக்குவதே பெரும்பாலும் அதன் எடைக்குப் பொருந்தும். நுண்ணிய வேறுபாடுகளைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரை +20க்கு மேல் ஏற்றினால் மர நார்கள் கம்பி போல ஆகும், நரைத்த மரத்தின் மென்மை போய்விடும்.

அடுத்தவர் வேலியை எடுக்கலாமா? சிலந்தி வலை, காய்ந்த கொடி போன்றவற்றை அகற்றலாமா?

பொது வழியில் நின்று, வேலியை மட்டும் எடுங்கள். பலகை இடைவெளி வழியாக வீட்டு முற்றமோ ஆட்களோ தெரிந்தால் இரண்டடி நகருங்கள், உரிமையாளர் கண்ணில் பட்டால் கேட்டுவிடுங்கள். கம்பிகள் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் காப்பான்களில் கட்டியிருந்தால் அது மின்வேலியாக இருக்கலாம், உலோக முக்காலியை அருகில் கொண்டுபோகாதீர்கள். துருக்கம்பி கிழித்தால் காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

கொடியையும் வலையையும் தொட வேண்டாம். காய்ந்த கொடி எடுத்த இடத்தில் பலகை வேறு நிறத்தில் வெளிறித் தெரியும், அந்தத் தழும்பு படத்தில் கொடியைவிட மோசமாக இருக்கும். சிலந்தி வலை பின்னொளியில் மட்டும் தெரியும், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி நகர்ந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.